முழு இலை வேண்டாம், வடை மட்டும் போதும்!

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இலையில் சாதம், சாம்பார், பொரியல், அப்பளம் எல்லாம் இருக்கிறது. ஒரே ஒரு வடை. வடை பிரமாதம். இன்னொன்று வேண்டும்போல இருக்கிறது. பரிமாறுகிறவரைக் கூப்பிடுகிறீர்கள்.

வருகிறார். ஒரு வார்த்தை பேசாமல் உங்கள் இலையை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விடுகிறார். நீங்கள் வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்துப் புது இலை வருகிறது. அதே சாதம், அதே சாம்பார், அதே பொரியல், அதே அப்பளம். வடை மட்டும் இரண்டு.

இப்படி ஒரு கல்யாணத்துக்கு யாராவது போவார்களா?

போனோம். கோடிக்கணக்கான பேர் போனோம். சுமார் பத்து வருஷம் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பெயர் இணையம்.

நெட் சென்டரில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மெயிலை அழிக்க ஒரு க்ளிக். திரை வெள்ளையாகும். பூமி உருண்டை சுற்றும். மெள்ள மெள்ளப் பக்கம் மேலிருந்து கீழே இறங்கும். ஒரே ஒரு வரி காணாமல் போயிருக்கும். அதற்காக மொத்தப் பக்கமும் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறது!

இந்த வியாதி எப்படி வந்தது, யார் மருந்து கண்டுபிடித்தார்கள், அந்த மருந்தே எப்படி ஒரு கம்பெனியின் கோட்டைச் சுவரில் ஓட்டை போட்டது என்பது தனிக் கதை. கொஞ்சம் வேடிக்கையான கதை. கொஞ்சம் பயங்கரமான கதையும்கூட.

*

வலை என்கிற சமாசாரத்தை டிம் பெர்னர்ஸ் லீ 1989-ல் யோசித்தபோது, அவர் ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது ஆவணங்கள். இந்த ஆவணத்திலிருந்து அந்த ஆவணத்துக்குத் தாவ ஒரு வழி. க்ளிக் செய்தால் அடுத்த பக்கம் வரவேண்டும், அவ்வளவுதான். புத்தகத்தில் பக்கம் திருப்புகிற மாதிரி. திருப்பினால் முழுப் பக்கமும் மாறத்தானே வேண்டும்? அதில் தப்பே இல்லை.

தப்பு எப்போது வந்தது என்றால், ஜனங்கள் அதைப் புத்தகமாக மட்டும் வைத்துக்கொள்ளத் தயாராக இல்லாதபோது. கடை வைக்க ஆசைப்பட்டார்கள். வங்கிக் கணக்கு பார்க்க ஆசைப்பட்டார்கள். 1996-ல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலை ஆரம்பித்து, ப்ரவுசருக்குள்ளேயே தபால் படிக்கலாம் என்று காட்டினார்கள். புத்தகம், இயந்திரமாக மாற ஆரம்பித்தது.

இயந்திரம் என்றால் இரண்டு பாதி வேண்டும். ஒன்று உங்கள் கண் எதிரே இருக்கிற ப்ரவுசர். இன்னொன்று எங்கேயோ குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கிற சர்வர். சர்வர் என்றால் ஓட்டல் சர்வரேதான். கேட்டதை எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கிற ஆசாமி. இரண்டு பாதியும் சரியாகப் பேசிக்கொண்டால்தான் இயந்திரம் ஓடும்.

இதில் சர்வர் பாதி சீக்கிரமே புத்திசாலியாகிவிட்டது. 1993-ல் சி.ஜி.ஐ. என்று ஒரு ஏற்பாடு வந்தது. கேட்டவருக்கு ஏற்றபடி பக்கத்தை அந்த நிமிஷமே சமைத்துக் கொடுக்கும் ஏற்பாடு. 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்த இணையப் பக்கத்துக்காக எழுதி வைத்திருந்த சில்லறை நிரல்களை வெளியே விட, அது பி.ஹெச்.பி. ஆனது. ஆனால் சர்வருக்கு ஒரு குறை இருந்தது. மறதி. இந்த நிமிஷம் வந்தவரையும் அடுத்த நிமிஷம் வந்தவரையும் சம்பந்தப்படுத்திப் பார்க்கத் தெரியாது. 1994-ல் நெட்ஸ்கேப்பின் லூ மான்டுல்லி அதற்கும் ஒரு கைவைத்தியம் கண்டுபிடித்தார். குக்கி. 'இதைப் பையில் வைத்துக்கொள், அடுத்த தடவை வரும்போது காட்டு' என்று ஒரு சீட்டு. இந்தச் சீட்டை மறந்துவிடாதீர்கள். பிறகு ஒரு பெரிய கலவரத்தில் நமக்கு வேண்டியிருக்கும்.

ப்ரவுசர் பாதி? அது 1995 வரை சுத்த மக்கு. நெட்ஸ்கேப்பில் வேலைக்குச் சேர்ந்த ப்ரெண்டன் ஐக், அந்த வருஷம் மே மாதம் பத்தே நாளில் ஒரு மொழியை எழுதி முடித்தார். அதுதான் பிற்பாடு ஜாவாஸ்க்ரிப்ட் என்று பெயர் வாங்கியது. இப்போது ப்ரவுசருக்கும் கொஞ்சம் மூளை வந்துவிட்டது. ஆனால் வாய் வரவில்லை. உங்கள் இலைக்குள் இருப்பதை அப்படி இப்படி நகர்த்தி வைக்க முடியும். சமையல்கட்டைப் பார்த்து 'ஒரு வடை' என்று குரல் கொடுக்க முடியாது. குரல் கொடுத்தால் இலை போய்விடும்.

பிரச்னை இதுதான். மூளை இரண்டு பக்கமும் இருக்கிறது. நடுவில் பேச வழியில்லை.

*

வழியை விலைக்கு விற்க ஒரு கம்பெனி தயாராக இருந்தது. மேக்ரோமீடியா.

1996-ல் ஃபியூச்சர்ஸ்ப்ளாஷ் என்று ஒரு சின்ன அனிமேஷன் மென்பொருள். அதை வாங்கி, பெயரைச் சுருக்கி ஃப்ளாஷ் ஆக்கினார்கள். ஆரம்பத்தில் பொம்மை ஆடத்தான் உபயோகப்பட்டது. 2002-ல் மேக்ரோமீடியா ஒரு புது கோஷத்தோடு வந்தது. ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன். அதாவது 'பணக்கார' இணையப் பயன்பாடு. ப்ரவுசருக்குள் எங்கள் ஃப்ளாஷ் பெட்டியை வையுங்கள். பெட்டிக்குள்ளிருந்து சர்வரோடு நேராகப் பேசலாம், பக்கம் கலையவே கலையாது என்றார்கள். ஃப்ளாஷ் ரிமோட்டிங் என்று அதற்கு ஒரு தனிக் குழாய். 2004-ல் ஃப்ளெக்ஸ் வந்தது. அழகான மென்பொருள்தான். விலை மட்டும் ஆயிரக்கணக்கான டாலர்.

பந்தி பாஷையில் சொல்வதானால், மண்டபத்துக்குள்ளேயே இன்னொரு கண்ணாடி அறை. உள்ளே ராஜ உபசாரம். ஆனால் சாவி ஒரே ஒருத்தர் கையில்.

சாவி விஷயம் முக்கியம். கடைசியில் அதற்குத்தான் வரப்போகிறோம்.

*

இப்போது ரெட்மண்டுக்குப் போகலாம். மைக்ரோசாஃப்ட் தலைமையகம். வருஷம் 1998.

அங்கே எக்ஸ்சேஞ்ச் என்கிற அலுவலகத் தபால் மென்பொருளுக்கு ஒரு வலை முகம் செய்துகொண்டிருந்தார்கள். அவுட்லுக் வெப் ஆக்சஸ். ஊர் ஊராகச் சுற்றுகிற அதிகாரிகள், சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாத இடத்திலும் ஒரு ப்ரவுசரைத் திறந்து மெயில் பார்க்கவேண்டும். ஆனால் மேஜையில் இருக்கும் அவுட்லுக் மாதிரியே அது துடிப்பாக இருக்கவேண்டும். ஒவ்வொரு க்ளிக்குக்கும் வெள்ளைத் திரையைக் காட்டினால் எந்த அதிகாரி பொறுப்பார்?

அந்தக் குழுவில் அலெக்ஸ் ஹாப்மன் என்று ஒருவர். உட்கார்ந்து ஒரு சின்னத் துண்டு நிரலை எழுதினார். அது செய்வது ஒரே வேலை. ஜாவாஸ்க்ரிப்ட் கேட்டால், பக்கத்தைத் தொந்தரவு செய்யாமல், பின்னாலிருந்து சத்தமில்லாமல் சர்வரிடம் போய்க் கேட்டதை வாங்கிக்கொண்டு வரும். இலை அப்படியே இருக்கும். வடை மட்டும் வரும்.

செய்துவிட்டார். ஆனால் உலகத்துக்கு எப்படி அனுப்புவது? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-க்குள் ஏற்றினால்தான் உண்டு. அதன் இரண்டாவது பீட்டா வெளியே போகச் சில வாரங்களே பாக்கி. கதவைச் சாத்தும் நேரத்தில் புது ஆளை யார் உள்ளே விடுவார்கள்?

ஹாப்மன் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் ழான் பவோலி தலைமையில் எக்ஸ்.எம்.எல். குழு ஒன்று இருந்தது. அவர்களுடைய நிரல் தொகுப்பு ஏற்கெனவே வண்டியில் ஏறத் தயாராக இருந்தது. சரி, அந்தப் பெட்டிக்குள் நம் துண்டையும் திணித்துவிடுவோம் என்று முடிவானது. எக்ஸ்.எம்.எல். பெட்டிக்குள் ஏறுவதால் பெயரிலும் எக்ஸ்.எம்.எல். இருந்தால்தானே நியாயமாகப் படும்? ஆகவே எக்ஸ்.எம்.எல்.ஹெச்.டி.டி.பி. என்று பெயர் வைத்தார்கள்.

உண்மையில் அதற்கும் எக்ஸ்.எம்.எல்.லுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. எதை வேண்டுமானாலும் வாங்கி வரும். பெயர், வண்டியில் ஏறுவதற்காகச் சொன்ன சாக்கு. பிற்பாடு ஹாப்மனே இதைச் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். 1999 மார்ச்சில் எக்ஸ்ப்ளோரர் 5 வெளியானபோது, அந்தத் திருட்டுப் பயணியும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

யாரும் கவனிக்கவில்லை.

*

இங்கே ஒரு முரணைப் புரிந்துகொள்ளவேண்டும். 1995 மே மாதம் பில் கேட்ஸ் தன் ஆள்களுக்கு இணையப் பேரலை என்று தலைப்பிட்டு ஒரு நீண்ட குறிப்பு அனுப்பியிருந்தார். ப்ரவுசர் வளர்ந்தால் விண்டோஸுக்கு ஆபத்து. இதுதான் கவலையின் சாரம். மென்பொருள் எல்லாம் ப்ரவுசருக்குள்ளேயே ஓட ஆரம்பித்துவிட்டால், கீழே விண்டோஸ் இருந்தால் என்ன, வேறு எது இருந்தால் என்ன? அந்தப் பயத்தில்தான் நெட்ஸ்கேப்போடு அப்படி ஒரு யுத்தம் நடத்தினார்கள். ஜெயித்தும் விட்டார்கள். 2001-ல் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது. உலகில் பத்துக்கு ஒன்பது பேர் அதைத்தான் உபயோகித்தார்கள். ஜெயித்த படை கலைந்து வீட்டுக்குப் போனது. அடுத்த எக்ஸ்ப்ளோரர் வர 2006 ஆயிற்று. ஐந்து வருஷம்!

எதைத் தடுக்க அத்தனை பாடுபட்டார்களோ, அதற்கான சாவியைத் தாங்களே செய்து, தங்கள் வண்டியிலேயே ஏற்றி, ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

எதிர் முகாம் தூங்கவில்லை. நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து எழுந்த மொஸில்லாக்காரர்கள் அந்தத் துண்டைப் பார்த்தார்கள். பிடித்துப்போனது. தங்கள் ப்ரவுசரில் அதே வேலையைச் செய்யும் ஒன்றை எழுதினார்கள். 2002-ல் மொஸில்லா 1.0 அதோடு வந்தது. 2004-ல் ஆப்பிளின் சஃபாரி. 2005-ல் ஓபரா. ஒரு கம்பெனியின் சொந்தச் சரக்கு, ஊர்ப் பொதுக்கிணறு ஆகிவிட்டது.

*

2004 ஏப்ரல் 1. கூகுள் ஜிமெயிலை அறிவித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜி.பி. இடம் என்றதும் பாதிப் பேர் முட்டாள்கள் தின விளையாட்டு என்று நினைத்தார்கள். ஹாட்மெயிலில் அப்போது இலவச இடம் 2 எம்.பி. ஆனால் உள்ளே போய்ப் பார்த்த நிரலாளர்களுக்கு இடம் ஆச்சரியமாக இல்லை. க்ளிக் செய்தால் திரை வெள்ளையாகவில்லை! பால் புக்கெய்ட்டும் அவர் சகாக்களும் ப்ரவுசரின் அந்த மறந்துபோன குரலைப் பேச வைத்திருந்தார்கள்.

அடுத்தது வரைபடம். சிட்னியில் லார்ஸ், யென்ஸ் ராஸ்முசன் என்று இரண்டு டேனிஷ் சகோதரர்கள், இரண்டு நண்பர்களோடு ஒரு வரைபட மென்பொருள் செய்துகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் நிறுவி ஓட்டவேண்டிய வகை. கூகுளிடம் கொண்டுபோனார்கள். எங்களுக்கு வலைதான் பிடிக்கும், இதை ப்ரவுசருக்குள் செய்ய முடியுமா என்றது கூகுள். செய்து காட்டினார்கள். 2004 அக்டோபரில் கூகுள் அவர்களை வாங்கிப் போட்டது. 2005 பிப்ரவரி 8 அன்று கூகுள் மேப்ஸ் வெளியானது. உலகப் படத்தைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி வைத்துக்கொண்டு, நீங்கள் மவுஸால் இழுக்க இழுக்க, தேவையான சதுரத்தை மட்டும் சர்வரிடமிருந்து வாங்கி ஒட்டிக்கொண்டே போவது. எந்தப் பெட்டியும் நிறுவத் தேவையில்லை. யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

பத்து நாள் கழித்து, பிப்ரவரி 18. ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். வாடிக்கையாளரிடம் இந்த விஷயத்தை ஒவ்வொரு தடவையும் விளக்கி விளக்கி அலுத்துப்போயிருந்தவர், குளித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சுருக்கப் பெயர் தோன்றியதாம். அஜாக்ஸ்.

ஆறு வருஷமாக இருந்த பொருள்தான். பெயர் வந்ததும் உலகமே அதன் பின்னால் ஓடியது. பெயரில் என்ன இருக்கிறது என்று இனிமேல் யாரும் கேட்காதீர்கள்!

ஓடியவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. ஸ்ரீதர் வேம்புவின் அட்வென்ட்நெட் நிறுவனம், சென்னையில் உட்கார்ந்து ப்ரவுசருக்குள்ளேயே கடிதம், கட்டுரை தட்டச்சு செய்யும் மென்பொருளை எழுதி, 2005-லேயே வெளியிட்டது. ஸோஹோ ரைட்டர். 2009-ல் கம்பெனியின் பெயரே ஸோஹோ ஆகிவிட்டது.

*

சரி, ப்ரவுசருக்குக் குரல் வந்துவிட்டது. கதை முடிந்ததா என்றால், இல்லை. இப்போது சமையல்கட்டுக்குத் தலைவலி.

முன்பெல்லாம் ஒரே ஒரு உத்தரவு: முழு இலை. இப்போது ஒருத்தர் வடை மட்டும் என்கிறார். ஒருத்தர் சாம்பார் மட்டும். இன்னொருத்தர், மாவைக் கொடு, நானே சுட்டுக்கொள்கிறேன் என்கிறார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிரல் எழுதிக்கொண்டிருந்தால் தாவு தீர்ந்துவிடும். சமையல்கட்டுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். காய் எங்கே, பாத்திரம் எங்கே, யார் நறுக்குவது, யார் தாளிப்பது என்று முன்கூட்டியே வகுத்து வைத்த ஒழுங்கு. கம்ப்யூட்டர் பாஷையில் அதற்கு ஃப்ரேம்வொர்க் என்று பெயர்.

அது வந்த இடமும் ஓர் எதிர்பாராத மூலை. சிகாகோவில் 37சிக்னல்ஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி. அவர்களுக்காக டேவிட் ஹைன்மையர் ஹேன்சன் என்ற டென்மார்க் இளைஞர் பேஸ்கேம்ப் என்ற மென்பொருளை எழுதினார். 2004 பிப்ரவரியில் அது வெளியானது. எழுதி முடித்துப் பார்த்தால், அதில் பாதி எந்த இணைய மென்பொருளுக்கும் பொருந்தும்போல இருந்தது. அந்தப் பாதியைத் தனியே பிரித்து, ஜூலையில் சும்மா கொடுத்துவிட்டார். ரூபி ஆன் ரெயில்ஸ். அப்போது அவருக்கு வயது 24.

அஜாக்ஸ் என்று பெயர் வந்த அதே 2005-ல் ரெயில்ஸ் அதை அணைத்துக்கொண்டது. ப்ரவுசர் பக்கம் ஸாம் ஸ்டீஃபன்சன் எழுதிய ப்ரோட்டோடைப் என்ற ஜாவாஸ்க்ரிப்ட் தொகுப்பு. சர்வர் பக்கம் ரெயில்ஸ். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். ரூபியில் ஒரு வரி எழுதினால் போதும், ப்ரவுசர் பக்கத்து வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். 2006 மார்ச்சில் வந்த 1.1 பதிப்பில் இன்னும் ஒரு படி மேலே. ஒரே முகவரிக்கு யார் வந்தாலும், 'உனக்கு முழுப் பக்கமா, எக்ஸ்.எம்.எல்.லா, இல்லை ஜாவாஸ்க்ரிப்டா' என்று ஆள் பார்த்துப் பரிமாறும் ஏற்பாடு. ஒரே அடுப்பு. மூன்று விதப் பந்தி.

மாவாகக் கொடுப்பது எப்படி என்பதற்கும் விடை தயாராக இருந்தது. டக்ளஸ் க்ராக்ஃபர்ட் 2001-லிருந்தே ஒரு எளிய வடிவத்தைப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். ஜேஸான். ஜாவாஸ்க்ரிப்டின் ஒரு சின்னப் பகுதியையே எடுத்துத் தகவல் அனுப்பும் பாத்திரமாக்கியது. எக்ஸ்.எம்.எல். மாதிரி திறப்பு, மூடல் என்று ஏகப்பட்ட சடங்கு கிடையாது. மெல்ல மெல்ல எக்ஸ்.எம்.எல்.லை ஓரம்கட்டிவிட்டது. பெயரில் மட்டும் எக்ஸ்.எம்.எல்.லைச் சுமந்துகொண்டு, அந்தப் பழைய திருட்டுப் பயணி இப்போது ஜேஸானைச் சுமக்க ஆரம்பித்தது.

*

பயங்கரம் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? 2005 அக்டோபர் 4.

அமெரிக்காவில் மைஸ்பேஸ் அப்போது கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. ஃபேஸ்புக் கல்லூரி, பள்ளி மாணவர்களைத் தாண்டிப் பொதுமக்களுக்கு இன்னும் திறக்காத காலம். லாஸ் ஏஞ்சலீஸில் ஸாமி கம்கர் என்று ஒரு 19 வயதுப் பையன். தன் மைஸ்பேஸ் பக்கத்துக்குள் ஒரு சின்ன ஜாவாஸ்க்ரிப்டை ஒளித்து வைத்தான். மைஸ்பேஸ் சும்மா இருக்கவில்லை. ஜாவாஸ்க்ரிப்ட் என்ற சொல் எங்கே வந்தாலும் அடித்துவிடும். பையன் என்ன செய்தான் தெரியுமா? ஜாவா என்பதை ஒரு வரியிலும் ஸ்க்ரிப்ட் என்பதை அடுத்த வரியிலும் போட்டான். காவல்காரருக்கு அது வேறு சொல்லாகத் தெரிந்தது. சில ப்ரவுசர்கள் அதைச் சேர்த்துப் படித்துவிட்டன. அவ்வளவுதான்.

அவன் பக்கத்தைப் பார்க்க வருகிறவரின் ப்ரவுசர், அவருக்கே தெரியாமல், அந்தச் சத்தமில்லாத குரலில் சர்வரைக் கூப்பிடும். 'ஸாமியை என் நண்பர் பட்டியலில் சேர்' என்று சொல்லும். கூடவே குக்கிச் சீட்டையும் காட்டும். சீட்டு உண்மையானது. சர்வர் என்ன கண்டது? சொந்தக்காரரே கேட்கிறார் என்று நம்பிச் சேர்த்துவிடும். பிறகு அவர் பக்கத்தில் 'எல்லாரையும்விட ஸாமிதான் என் ஹீரோ' என்று ஒரு வரியும், அந்த நிரலின் ஒரு பிரதியும் ஒட்டிக்கொள்ளும். அடுத்து அவரைப் பார்க்க வருகிறவருக்கும் இதே கதி.

மைஸ்பேஸ் முன்யோசனையாக இன்னொரு பூட்டும் வைத்திருந்தது. நண்பரைச் சேர்க்கும் படிவத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு ரகசிய எண். அந்த எண் இல்லாமல் வரும் கோரிக்கை செல்லாது. ஆனால் ஸாமியின் நிரல் வீட்டுக்குள்ளேயே அல்லவா உட்கார்ந்திருக்கிறது? முதலில் படிவத்தை வாங்கி, எண்ணைப் படித்து, அதையும் சேர்த்தே அனுப்பியது.

சுமார் இருபது மணி நேரத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் ஸாமிக்கு நண்பர் ஆனார்கள். மைஸ்பேஸ் தளத்தையே இழுத்து மூடித்தான் சுத்தம் செய்யவேண்டியிருந்தது. பையன் வீட்டுக்கு 2006-ல் போலீஸ் வந்தது. 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கம்ப்யூட்டரைத் தொடக் கட்டுப்பாடுகளோடு கண்காணிப்பில் இருந்தான். பிற்பாடு அவனே நல்ல பாதுகாப்பு ஆராய்ச்சியாளன் ஆனது வேறு கதை.

இந்த விளையாட்டில் யார் பணமும் போகவில்லை. ஆனால் அதே கதவு வழியாக ஒரு வங்கியின் பக்கத்துக்குள் ஒருவன் நுழைந்திருந்தால்? அன்றைக்குப் புரிந்துபோனது. ப்ரவுசருக்குக் கொடுத்த குரல், ப்ரவுசரின் சொந்தக்காரர் குரல்தான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அதற்குப் பிறகு ஃப்ரேம்வொர்க்குகளின் வேலையே மாறிவிட்டது. வெறும் சமையல் ஒழுங்கு போதாது, வாசலில் காவலும் வேண்டும். 2007 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 2.0, படிவத்துக்கு ரகசிய டோக்கன் வைப்பதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வேறொரு தளத்திலிருந்து உங்கள் சீட்டைக் காட்டி யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் ஆள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் டோக்கன் உதவாது என்பது ஸாமி சொன்ன பாடம் அல்லவா? அதற்கு 2010-ல் ரெயில்ஸ் 3 வழி செய்தது. பயனாளர் எழுதிய எதையும் நிரலாக ஓடவிடாமல், வெறும் எழுத்தாகவே காட்டுவது. நிரலாளர் மறந்தாலும் ஃப்ரேம்வொர்க் மறக்காது.

இதன் அடியில் இருக்கிற விதி எளிமையானது. ப்ரவுசர் எவ்வளவு பணக்காரனாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அது இருப்பது அன்னியர் வீட்டில். விலை எவ்வளவு, கணக்கில் எவ்வளவு, இவருக்கு உரிமை உண்டா இல்லையா என்பதையெல்லாம் சர்வர் தன் கையாலேயே ஒரு தடவை சரிபார்த்தாகவேண்டும். பந்தியில் உட்கார்ந்திருக்கிறவர் சொல்வதை வைத்துச் சமையல்கட்டு கணக்கு எழுதக்கூடாது.

*

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

மேக்ரோமீடியாவை 2005-ல் அடோபி வாங்கியது. 340 கோடி டாலர். ஃப்ளெக்ஸை வைத்து உலகை ஆளலாம் என்று கணக்கு. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐஃபோனுக்குள் ஃப்ளாஷுக்கு இடமே கிடையாது என்று பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். கண்ணாடி அறை விரிசல் விட ஆரம்பித்தது. 2020 டிசம்பர் 31 அன்று அடோபியே ஃப்ளாஷுக்கு மூடுவிழா நடத்தியது. அதை நம்பி வருஷக்கணக்கில் கட்டிய மென்பொருள்கள், விளையாட்டுகள், பாடங்கள் எல்லாம் ஒரே நாளில் வெறும் சாம்பல் பெட்டிகள் ஆயின. கெட்டிக்காரர்கள் செய்த நல்ல வேலைகள்தான். சாவி ஒரே ஒருத்தர் கையில் இருந்தது. அவர் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் ஓய்வு கொடுத்துவிட்டது.

ப்ரவுசர்க் கட்சியும் சர்வர்க் கட்சியும் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. 2013-ல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் போன்றவை வந்தபோது, சமையலே மேஜைக்கு வந்துவிட்டது. சர்வர் மாவு கொடுத்தால் போதும், மீதியை ப்ரவுசர் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். மேஜை கனத்துப்போனது. 2020 டிசம்பரில் அதே ஹேன்சனின் கூட்டத்தார் ஹாட்வயர் என்று ஒன்றைக் கொண்டுவந்து, சமையல்கட்டிலேயே சுட்ட வடையை அனுப்புவதுதான் நல்லது என்று மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். ஊஞ்சல் இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் வரத்தானே செய்யும்?

ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. முழு இலையைச் சுருட்டிக்கொண்டு போகிற அந்த அபத்தம் திரும்ப வரவே இல்லை.

கோடிகளைக் கொட்டிக் கட்டிய கண்ணாடி அறை போய்விட்டது. ஜெயித்த ப்ரவுசர் போய்விட்டது. கதவு சாத்துகிற நேரத்தில், பொருந்தாத பெயரை மாட்டிக்கொண்டு, அடுத்தவர் பெட்டிக்குள் ஏறி வந்த அந்தத் திருட்டுப் பயணி மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்றைக்கும் எல்லா ப்ரவுசரிலும் இருக்கிறது. அதே தப்பான பெயரோடு. காரணம் ரொம்ப எளிமை. அது யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டது. ஆகவே, அதை மூடிவிட்டுப் போகவும் யாரும் இல்லை.

அடுத்த தடவை திரை வெள்ளையாகாமல் ஒரு மெயில் காணாமல் போகும்போது, ஒரு வினாடி அதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இலை அப்படியே இருக்கிறது. வடை வந்துவிட்டது.